கந்தோரில் கணினி வந்த பிறகு

லிங்கநகரிலிருந்து ஒருவர் விண்ணப்பம் ஒன்றைப் பதியப் பிரதேச செயலகமொன்றுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிறப்புச் சான்றிதழில் வாப்பாவின் பெயர் 'முகம்மது'. அடையாள அட்டையில் 'மொஹமட்'. கதிரையில் இருக்கும் உத்தியோகத்தருக்கு இரண்டும் ஒரே ஆள் என்பது பார்த்ததும் விளங்கும். கணினிக்கு விளங்காது. "நானா, சிஸ்டம் எடுக்குதில்ல, நாளைக்கு வாங்க" என்கிறார். நாமும் அவரை ஏசிக்கொண்டு திரும்புகிறோம்.

வயசாளிகளுக்குக் கொம்பியூட்டர் ஏறாது என்பது நம்மிடையே உள்ள எளிதான விளக்கம். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. ஊழியர் இரண்டைப் பார்க்கிறார் என்றார் பிரெட் டேவிஸ், 1989இல்: இது என் வேலைக்கு உதவுமா? பழகுவது இலேசா? 2003இல் வெங்கடேஷும் மற்றவர்களும் மேலும் இரண்டைச் சேர்த்தார்கள்: சுற்றியிருப்போர் என்ன நினைக்கிறார்கள், வசதி இருக்கிறதா என்பன. வயது இவற்றின் பலத்தைக் கூட்டிக் குறைப்பது மட்டுமே.

நம் கந்தோர்களில் இதைப் பொருத்திப் பாருங்கள். பலர் பாமினியில் தட்டெழுதிப் பழகியவர்கள். பாமினி திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே கிடப்பவை ஆங்கில எழுத்துக்களே. யுனிகோட்டில் தேடினால் அகப்படாது. ஆக, 20 வருடக் கைப்பழக்கம் ஒரே சுற்றுநிருபத்தோடு செல்லாக்காசாகிறது. தன்னிடம் வேலை பழகிய பிள்ளையிடம் போய் "இது எப்படி மகள்?" என்று கேட்க வேண்டும். அந்த வெட்கத்தை எந்தப் பயிற்சிப் பட்டறையும் கணக்கில் எடுப்பதில்லை. கணினியில் ஏற்றிய பிறகும் இடாப்பு எழுதத்தான் வேண்டும் என்றால் வேலை இரட்டிப்பு. 'உதவுமா' என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடுகிறது.

இன்னொன்று, பதில் சொல்லும் பொறுப்பு. 2023இல் அஸ்வெசும வந்தபோது 22 அளவுகோல்களைக் கொண்டு பயனாளிகள் தெரிவானார்கள். முறையீடுகள் இலட்சக்கணக்கில் குவிந்தன. "ஏன் என்ர பேர் இல்ல?" என்று சனம் கேட்டது கணினியிடம் அல்ல, தெருவில் தெரிந்த உத்தியோகத்தரிடம். தெரிவை மாற்றும் அதிகாரமும் அவரிடம் இல்லை, காரணம் சொல்லும் விவரமும் இல்லை. அப்படிப்பட்டவர் அடுத்த புதுமையை ஆசையோடு வரவேற்பாரா?

ஒருநாள் பட்டறையைவிட, தன் மேசையிலேயே, தமிழில், சொந்தக் கோப்பை வைத்துப் பழகுவது பலன் தரும். எழுத்துப் பிழையைத் திருத்தும் சிறிய அதிகாரத்தையும் பிரதேச மட்டத்திலேயே கொடுக்கலாம். மாற்று எழுத்தைப் பதிய மென்பொருளில் ஒரு கட்டம் போதும். நம் பக்கமும் தவறுண்டு: ஒரே வீட்டில் நாலு பிள்ளைகள் வாப்பாவின் பெயரை நாலு விதமாக எழுதுகிறோம்.