டார்ச் வாங்கும்போது மங்கலான வெளிச்சத்தைக் கேளுங்கள்

2011 டிசம்பர் 30ஆம் தேதி காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தது எல்லோருக்கும் தெரியும். நெய்வேலி நகரியத்திலும் வட்டத்துக்கு வட்டம் நிழல் தந்து நின்ற மரங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து ஊருக்கெல்லாம் மின்சாரம் அனுப்பிய நகரம், தன் வீடுகளுக்குள் மெழுகுவத்தி தேடியது. மாவட்டத்தின் பல கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது.

ஒரு டார்ச் லைட் நல்லதா இல்லையா என்று சொல்ல அந்த இரவுகளைத்தான் நான் அளவுகோலாக வைப்பேன். அப்போது தேவைப்பட்டது என்ன? அடுப்படியில் தீப்பெட்டி இருக்கும் இடம் தெரிய வேண்டும். வயதானவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும். குழந்தையைப் பின்கட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். எதற்கும் அரைக் கிலோமீட்டர் பாயும் ஒளி வேண்டியதில்லை. சின்ன வெளிச்சம், பத்து இரவுக்கு நின்று எரிந்தால் போதும். ஆனால் கடையில் அட்டைப் பெட்டிகள் சொல்வது வேறு. 10,000 லூமன், 50,000 லூமன், ஒரு லட்சம் லூமன் என்று ஏலம் போகிறது.

லூமன் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளியின் அளவு. நல்ல வெள்ளை எல்இடி ஒரு வாட் மின்சாரத்தைக் கொண்டு 100 முதல் 150 லூமன் வரை தரும். ஒரு லட்சம் லூமன் வேண்டுமென்றால் குறைந்தது 650, 700 வாட் தேவை. அது கிட்டத்தட்ட ஓர் இஸ்திரிப் பெட்டி இழுக்கும் மின்சாரம். உள்ளங்கையில் அடங்கும் குழாய்க்குள் அத்தனை ஆற்றலுக்கும் இடமில்லை, அந்தச் சூட்டைத் தாங்கவும் வழியில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ‘லட்சம் லூமன்’ டார்ச் பொய் என்று கண்டுபிடிக்க இந்த வகுத்தல் கணக்கு ஒன்றே போதும்.

இன்றைய தரமான டார்ச்சுகள் பலவற்றில் இருப்பது 18650 என்ற லித்தியம்-அயான் செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். பழைய லேப்டாப் பேட்டரிகளுக்குள் வரிசையாக இருந்ததும் இதுதான். இந்த அளவில் கிடைக்கும் நல்ல செல்லின் கொள்ளளவு 3,500 மில்லியாம்பியர்-மணி. 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12.6 வாட்-மணி ஆற்றல். வாட்டுக்கு 100 லூமன் என்று அடக்கமாகவே கணக்குப் போடுவோம். 1,000 லூமனுக்கு 10 வாட் வேண்டும், செல் ஒன்றேகால் மணி நேரத்தில் தீரும். அதே டார்ச்சை 10 லூமனில் எரித்தால் தேவை 0.1 வாட். 126 மணி நேரம் எரியும். இரவுக்குப் பன்னிரண்டு மணி நேரம் விடாமல் வைத்தாலும் பத்து இரவு.

10 லூமன் போதுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. இரண்டு கட்டை போட்ட பழைய பித்தளை டார்ச்சின் குண்டு பல்பு தந்ததே ஏறக்குறைய அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டுதான் நம் தாத்தாக்கள் வரப்பில் நடந்தார்கள். சுண்ணாம்பு அடித்த கூரையை நோக்கி டார்ச்சை நிமிர்த்தி வைத்தால், ஒளி சிதறி அறை முழுவதும் பரவும். முப்பது நாற்பது லூமனில் சாப்பாடு பரிமாறலாம். நம் கண்ணும் இதற்கு ஒத்துழைக்கிறது. ஒளி பாதியாகக் குறைந்தால் கண் அதைப் பாதியாக உணர்வதில்லை. பாதி என்று தோன்ற, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். இருட்டுக்கு முழுதாகப் பழகக் கண்ணுக்கு இருபது முப்பது நிமிடம் ஆகும். கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம் அந்தப் பழக்கத்தை ஒரு நொடியில் கலைத்துவிடும்.

ஆகவே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, “அதிகபட்சம் எவ்வளவு?” என்பதல்ல, “குறைந்தபட்சம் எவ்வளவு? அதில் எத்தனை மணி நேரம் எரியும்?” என்பதுதான். நல்ல டார்ச் இரண்டு, பத்து, ஐம்பது, முந்நூறு என்று படிப்படியாக ஒளி தரும். அந்தக் குறைந்த ஒளியை எப்படி உண்டாக்குகிறது என்பதிலும் தரம் தெரியும். மலிவான டார்ச் எல்இடியை முழு வேகத்திலேயே விட்டு விட்டு எரித்து மங்கலாகக் காட்டும். ஒளிக்கு முன்னால் கையை வேகமாக ஆட்டினால் விரல்கள் துண்டு துண்டாகத் தெரியும். செல்போன் கேமராவில் பார்த்தால் கோடுகள் ஓடும். நல்ல டார்ச்சுக்குள் இருக்கும் சுற்று, மின்னோட்டத்தையே சீராகக் குறைக்கிறது. மின்னோட்டம் குறைந்தால் எல்இடியின் திறன் கூடும் என்பதால் இதில் ஆற்றலும் மிச்சம்.

பெட்டியில் எஃப்.எல்.1 என்று அச்சிட்டிருந்தால் கொஞ்சம் நம்பலாம். 2009இல் அமெரிக்காவில் வெளியான இந்தத் தரநிலைதான் இன்று உலகெங்கும் டார்ச்சுக்கான பொது அளவுகோல். ஆனால் அதிலும் ஓர் ஓட்டை உண்டு. விளக்கைப் போட்டு 30 வினாடி கழித்து ஒளியை அளப்பார்கள். பிறகு அது பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான நேரம் முழுவதையும் ‘எரியும் நேரம்’ என்று கணக்கில் எடுப்பார்கள். 1,000 லூமன், நான்கு மணி நேரம் என்று போட்டிருப்பது, மூன்று நிமிடம் 1,000 லூமனும் மீதி நேரமெல்லாம் 250 லூமனுமாக இருக்கலாம். சூட்டைத் தாங்க முடியாமல் டார்ச் தானே ஒளியைக் குறைத்துக்கொள்வதால் இப்படி ஆகிறது. நேரத்துக்கு நேரம் ஒளி எப்படிக் குறைகிறது என்று வரைபடம் வெளியிடும் நிறுவனத்தின் பொருளை வாங்குவது நல்லது.

தூரத்துக்கு அளவு வேறு. ஒளி எவ்வளவு கூராகக் குவிகிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டரில் தூரம் கிடைக்கும். 2,500 கேண்டெலாவுக்கு 100 மீட்டர், 10,000க்கு 200 மீட்டர். தூரம் இரண்டு மடங்காக, செறிவு நான்கு மடங்காக வேண்டும். அந்த எல்லையில் விழும் ஒளி 0.25 லக்ஸ், அதாவது பௌர்ணமி நிலவு அளவு. ஏதோ நிற்கிறது என்று தெரியும், ஆடா நாயா என்று தெரியாது. பெட்டியில் போட்ட தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

நகரியத்தின் தெருவிளக்குகளைத் தாண்டி, முந்திரித் தோப்புகளை ஒட்டிய ஊர்களுக்கு நடந்தோ சைக்கிளிலோ திரும்புகிறவர்களுக்கு வேண்டியது காலடியில் பரவும் ஒளி. இது உயிர் சம்பந்தப்பட்டது. இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 2000 முதல் 2019 வரை பார்த்தால் ஏறத்தாழ 12 லட்சம் பேர். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். கண்ணாடி விரியனின் பழுப்புத் தோல் சருகோடு சருகாகக் கலந்துவிடும். இருட்டில் நடக்கும்போது கையில் விளக்கும் காலில் மூடிய செருப்பும் வேண்டும் என்று மருத்துவர்கள் சலிக்காமல் சொல்வது இதனால்தான்.

இங்கேதான் ஒளியின் நிறம் முக்கியமாகிறது. வெள்ளை எல்இடி உண்மையில் நீல எல்இடி. அதன்மேல் பூசிய மஞ்சள் பொருள் நீலத்தில் ஒரு பகுதியை மற்ற நிறங்களாக மாற்ற, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீல எல்இடியைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. மலிவான எல்இடியில் சிவப்புப் பகுதி பற்றாக்குறை. பழுப்பு, சிவப்பு, செம்மண் நிறம் எல்லாம் அதன் ஒளியில் ஒரே சாம்பலாகத் தெரியும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் உண்டு. 90க்கு மேல் இருந்தால் சருகு வேறு, தோல் வேறு என்று கண் பிரித்தறிவது எளிது. ஃபியூஸ் பெட்டியில் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் குழப்பாமல் பார்க்கவும் இதே எண் உதவும். லூமன் கொஞ்சம் குறைந்தாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள். நடக்கும்போது டார்ச்சை இடுப்புக்குக் கீழே பிடியுங்கள். ஒளி சாய்வாக விழும்போது கல்லுக்கும் குழிக்கும் பாம்புக்கும் நிழல் நீளும். நெற்றியில் கட்டும் விளக்கில் அந்த நிழல் கண்ணுக்கு மறைந்துபோகிறது.

செல் விஷயத்தில் ஏமாற்று அதிகம். 18650 அளவில் 9,900 மில்லியாம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள், அப்படி ஒரு செல் கிடையாது. நல்ல செல்லின் எடை 45 முதல் 50 கிராம். பாதி எடையே இருந்தால் உள்ளே சரக்கு இல்லை. சுவரில் நேராகச் சொருகும் பிளாஸ்டிக் டார்ச்சுகள் பலவற்றில் இருப்பது சிறிய ஈய-அமில பேட்டரி. சார்ஜ் இறங்கிய நிலையில் சில மாதம் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகி, புயல் வரும் நேரத்தில் அது கைவிட்டுவிடும். லித்தியம் செல் மாதக்கணக்கில் சார்ஜைக் காக்கும், ஆனால் வெயில் ஆகாது. கத்திரி வெயிலில் பாதி சார்ஜோடு அலமாரியில் வையுங்கள். ஐப்பசி பிறந்ததும் முழுதாக ஏற்றுங்கள். சார்ஜ் போட வழியே இல்லாத நாட்களுக்கு, பெட்டிக்கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரியில் ஓடும் இன்னொரு டார்ச்சும் வீட்டில் இருக்கட்டும். பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள், கசிந்தால் முனைகளை அரித்துவிடும். மழைக்கு ஐ.பி.எக்ஸ்.7 போதும், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும்.

சுரங்கத்திலும் அனல் மின் நிலையத்திலும் வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். நெய்வேலிச் சுரங்கங்கள் திறந்தவெளி. 1815இல் ஹம்ப்ரி டேவி கம்பிவலை விளக்கைச் செய்யக் காரணமான அடைபட்ட மீத்தேன் இங்கே பெரிய கவலை இல்லை. ஆனால் பழுப்பு நிலக்கரி தானே சூடேறித் தீப்பிடிக்கும் குணம் உள்ளது. அதன் தூசி மூடிய இடத்தில் காற்றோடு கலந்தால் வெடிக்கும். அத்தகைய இடங்களுக்கு ஆன்லைனில் வாங்கிய பளபளப்பான டார்ச் கூடாது. வெடிப்பு அபாயப் பகுதிக்கெனச் சோதித்துச் சான்று பெற்றதுதான் வேண்டும். ஸ்விட்சிலும் செல் முனையிலும் பொறி எழாதபடியும், மேல்பரப்பு சூடேறாதபடியும் அதில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தியிருப்பார்கள். அதனால் லூமன் எண் சிறியதாகவே இருக்கும். அந்த டார்ச்சிலும் செல்லை மாற்றுவது, சார்ஜ் போடுவது இரண்டும் தூசிப் பகுதியை விட்டு வெளியே வந்த பிறகுதான்.