சத்தம் எதோட சேர்ந்து சுத்துது?

பழைய காரில் ஒரு சத்தம் வந்தால் நாம் கேட்கிற முதல் கேள்வி, "எங்கிருந்து வருது?" என்பதுதான். என் அனுபவத்தில் அது இரண்டாவது கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, "எதோட சேர்ந்து சுத்துது?" காது இடத்தை ஏமாற்றிவிடும். தகரத் தரை ஒரு மூலையில் பிறந்த சத்தத்தை இன்னொரு மூலையில் கொண்டுபோய் விடும். ஆனால் வேகக் கணக்கு ஏமாற்றாது.

இதை எழுதக் காரணம் எங்க பெரியப்பாவோட அம்பாசிடர். ராசிபுரம் பக்கம் இன்னும் ஓட்டிக்கிட்டிருக்கார். 50 கி.மீ. தாண்டினால் தரையில் ஒரு நடுக்கம். நின்ற இடத்திலிருந்து கிளட்சை விடும்போது கீழே 'டொக்' என்று ஒரு தட்டு. ஒரு பட்டறையில் "கியர் பாக்ஸை இறக்கிறலாங்க" என்றார்கள். இன்னொன்றில் "ஹவுசிங் போயிருச்சுங்க, கிரவுன் பினியன் மாத்தணும்" என்றார்கள். இரண்டுமே சின்னச் செலவில்லை. அவருக்கோ ஆடி 18-க்குக் குடும்பத்தோடு கொல்லிமலை போகணும். காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது கியரில் வைத்து, இன்ஜின் பிடிமானத்தை நம்பித்தான் இறங்கணும். இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஏதாவது அறுந்தால் அந்தப் பிடிமானம் அப்போதே போய்விடும். பிறகு மிச்சம் பிரேக் மட்டும்தான்.

அம்பாசிடர் தயாரிப்பு 2014-ல் நின்றுபோனது. அதனால் தேவையில்லாமல் எதையும் திறக்கக் கூடாது. முக்கியமாகக் கிரவுன் பினியனை. அந்த இரண்டு பல்சக்கரமும் ஒன்றோடொன்று தேய்த்து ஜோடியாகச் சேர்த்தவை. நல்லா இருக்கிற ஜோடியைக் கழற்றி, இடைவெளி மாறித் திரும்பப் பூட்டினால், இல்லாத ஊளைச் சத்தம் புதிதாக வந்து சேரும்.

சரி, கணக்குக்கு வருவோம். அம்பாசிடரின் அமைப்பு நம்ம ஊர் லாரியின் அமைப்பேதான். முன்னால் இன்ஜின், அதை ஒட்டிக் கிளட்ச், கியர் பாக்ஸ். அங்கிருந்து வண்டிக்கு அடியில் நீளமாகப் போகிற புரொப்பல்லர் ஷாஃப்ட். அதன் இரண்டு முனையிலும் 'கிராஸ்' என்று சொல்கிற யூ ஜாயின்ட். பின்னால் ஹவுசிங், ஆக்ஸில், சக்கரம். (மாருதி 800-ல் இந்த நீள ஷாஃப்ட்டே கிடையாது. முன் சக்கரமே இழுக்கும். அதனால் அந்த வண்டிகளிலேயே தொழில் பழகியவர்களுக்கு இந்தச் சத்தங்கள் அவ்வளவு பழக்கமில்லை. சங்ககிரி, நாமக்கல் லாரிப் பட்டறைகளில் பழகியவர்கள் கேட்டதும் பிடித்துவிடுவார்கள்.)

15 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2 மீட்டர் போகும். 60 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 1000 மீட்டர். அதாவது சக்கரம் நிமிடத்துக்கு 500 சுற்று, நொடிக்கு 8. ஹவுசிங் இந்த வேகத்தைச் சுமார் நாலரை மடங்கு குறைத்துத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஷாஃப்ட் நொடிக்கு 37 சுற்று. டாப் கியரில் இன்ஜினும் ஷாஃப்ட்டும் ஒரே வேகம். மூன்றாவது கியரில் அதே 60-ல் போனால் இன்ஜின் மட்டும் வேகமாகச் சுற்றும். ஷாஃப்ட்டும் சக்கரமும் மாறாது.

இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் சோதனை, எண்ணிப் பார்ப்பது. 'தட தட' என்று ஏறக்குறைய எண்ணுகிற மாதிரி ஆட்டம் இருந்தால் அது சக்கரத்தின் வேகம். டயர், ரிம், டிரம் பக்கம் பாருங்கள். எண்ணவே முடியாத 'கிர்ர்ர்' நடுக்கம் என்றால் ஷாஃப்ட் வேகம், அல்லது இன்ஜின் வேகம்.

இரண்டாவது, அந்த இரண்டில் எது என்று பிரிப்பது. ஆளில்லாத நேராய்க் கிடக்கிற சமதளச் சாலையில் 60-ல் டாப் கியர், பிறகு அதே 60-ல் மூன்றாவது கியர். நடுக்கத்தின் சுருதி மாறினால் இன்ஜின், கிளட்ச் பக்கம். மாறாமல் அப்படியே இருந்தால் ஷாஃப்ட்டும் அதற்குப் பின்னாலும். ஒரு தடவை நியூட்ரலுக்குத் தள்ளியும் பார்க்கலாம். இன்ஜினை அணைக்கக் கூடாது, இறக்கத்தில் செய்யவே கூடாது. நியூட்ரலிலும் நடுக்கம் நீடித்தால் ஷாஃப்ட் மேல் சந்தேகம் கூடும். கியர் பாக்ஸின் பின் பேரிங்கும் அப்போது சுற்றிக்கொண்டுதான் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது, பாரம். ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஊளை, விட்டால் அமைதி (அல்லது நேர்மாறாக) என்றால் கிரவுன் பினியன் பல் சேரும் இடம். அழுத்தினாலும் விட்டாலும் ஒரே உறுமல் என்றால் பேரிங். வளைவில் திரும்பும்போது மட்டும் உறுமல் கூடினால் சக்கரப் பேரிங். பாரம் வெளிப்பக்கச் சக்கரத்தில் ஏறுவதால், இடது வளைவில் கூடினால் முதலில் வலது பக்கத்தைச் சந்தேகப்படுங்கள்.

நான்காவது, நின்ற இடத்தில். நியூட்ரலில் இன்ஜின் ஓடும்போது வரும் சத்தம், கிளட்சை மிதித்ததும் நின்றால் கியர் பாக்ஸின் முன் பேரிங். மிதித்ததும் ஆரம்பித்தால் ரிலீஸ் பேரிங்.

ஐந்தாவது, மேட்டில் டாப் கியரில் மிதிக்கும்போது இன்ஜின் இரைச்சல் மட்டும் ஏறி வண்டி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. பிளேட் தேய்ந்திருக்கலாம், அதில் ஆயில் பட்டிருக்கலாம், பெடலில் பிரீ பிளே இல்லாமலும் இருக்கலாம். கடைசியானதைத்தான் முதலில் பார்க்கணும். அதற்குச் செலவே இல்லை.

பெரியப்பா வண்டியில் டாப், மூன்றாவது, நியூட்ரல் மூன்றிலும் ஒரே நடுக்கம். ஊளை இல்லை. ஆக இன்ஜினும் கிளட்ச்சும் பட்டியலிலிருந்து போயாச்சு, கிரவுன் பினியன் மேலும் சந்தேகம் குறைந்தது. சமதளத்தில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை அணைத்து, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி (வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள்) ஷாஃப்ட்டைக் கையால் திருகினோம். பின் கிராஸில் 'டிக் டிக்' என்று ஆட்டம். கப்பைச் சுற்றிச் செந்தூள். கிரீஸ் காய்ந்து, உள்ளே ஊசி பேரிங் துருப்பிடித்து அரைபட்ட பொடி அது. இந்தச் செந்தூளைப் பார்த்தால் வேறு சாட்சி வேண்டாம்.

கிராஸ் மாற்றும்போது ஒரு விஷயம். கழற்றும் முன் ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் சுண்ணாம்பிலோ பெயின்ட்டிலோ கோடு போட்டு அடையாளம் வையுங்கள். சாய்வாக வேலை செய்யும் ஒரு கிராஸ், ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தை இரண்டு தடவை கூட்டிக் குறைக்கும். மறுமுனைக் கிராஸ் அதைச் சரிக்கட்டும். இரண்டு பக்கத்துக் கவைகளும் ஒரே வாட்டத்தில் இருந்தால்தான் இந்தச் சரிக்கட்டல் நடக்கும். ஒரு பல் மாறிப் பூட்டினால் புதுக் கிராஸோடு பழைய நடுக்கமே திரும்பி வரும். பின் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) தொய்ந்திருந்தாலும் சாய்வு மாறி இதே தொல்லை வரும். ஆள் ஏறினால் மட்டும் நடுங்குகிறது என்றால் பட்டையைப் பாருங்கள்.

அந்த வண்டிக்கு இரண்டு கிராஸும் மாற்றினோம். கியர் பாக்ஸையும் ஹவுசிங்கையும் யாரும் திறக்கவில்லை. நடுக்கமும் தட்டும் நின்றுவிட்டன.

உங்க வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோகும் முன் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த வேகத்தில் ஆரம்பிக்குது, கியர் மாற்றினால் மாறுதா, நியூட்ரலில் நிற்குதா, ஆக்சிலேட்டரை விட்டால் என்ன ஆகுது, வளைவில் கூடுதா, ஆள் ஏறினால் கூடுதா. இந்த ஆறு வரியைக் கொடுத்தால் நல்ல மெக்கானிக் சந்தோஷப்படுவார். படிக்காமலே ஸ்பேனரை எடுக்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.