ஏரிக்கரையில் தொடங்காத ஊர்

கொடைக்கானலின் கதையை எல்லோரும் 1845இல் தொடங்குகிறார்கள். மதுரையின் வெக்கைக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சி மலையேறிய அமெரிக்க மிஷனரிமார் வீடு கட்டிக்கொண்ட ஆண்டு அது. பிறகு 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்சின் முயற்சியால் ஓடையை மறித்து ஏரி, 1872இல் கோக்கர் பெயரில் நடைபாதை, 1908இல் பிரையண்ட் பெயரில் பூங்கா. பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியலைப் படித்தால் பழைய அதிகாரிகளின் வருகைப் பதிவேட்டைப் புரட்டுவது போலிருக்கும். இதில் பெருமைக்கோ கோபத்துக்கோ இடமிருக்கலாம். என் கவலை வேறு. ஓர் ஊரை எந்த வரைபடத்தால் நினைவில் வைக்கிறோமோ, அதே வரைபடத்தைக் கொண்டுதான் அதை நிர்வகிக்கவும் செய்கிறோம். ஏரியை நடுவில் வைத்து வரைந்த படத்தில், மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி பஸ் திரும்பி நிற்கும் கிளாவரை காகிதத்துக்கு வெளியே விழுந்துவிடுகிறது.

1845க்கு முன் இங்கே ஊரே கிடையாது, வெள்ளைக்காரன் வந்துதானே ஊரானது என்று மறுப்பவர்கள் உண்டு. நகராட்சி என்ற பொருளில் அது சரி. மக்கள் வாழ்வு என்ற பொருளில் சரியல்ல. தாண்டிக்குடிப் பக்கத்துக் கற்திட்டைகள் யார் வரவுக்கும் காத்திருக்கவில்லை. அவற்றை ஆங்கிலேடும் நியூட்டனும் ஆராய்ந்து 1928இல் நூலாகவே வெளியிட்டார்கள். பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது. கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக ஏறும் ஒற்றையடிப் பாதை, மலைக்கு மோட்டார் சாலை வருவதற்கு முன்பே ஆட்களையும் சுமையையும் கொண்டுவந்தது.

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று மேல்மலை ஊர்கள் வரிசையாகப் படிக்கட்டு வயல்களில் உருளைக்கிழங்கும் கேரட்டும் பூண்டும் விளைவிக்கின்றன. பூண்டின் கணக்கே போதும். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அதற்கு இட்ட பெயர் 'கொடைக்கானல் மலைப்பூண்டு'. விளைவதோ பெரும்பாலும் மேல்மலையில். விலைபோவதோ பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தையில். கொடைக்கானல் நகரம் நடுவில் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு நிற்கிறது. ஒரு மலையின் பொருளாதாரம் ஏரியில் படகு விடுவதில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

கனடாவின் பழைய துறைமுக நகரமான ஹாலிஃபாக்ஸ் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. 1749இல் ஆங்கிலேயர் நிறுவிய அந்நகரின் அடையாளங்கள் குன்றின் மேலுள்ள கோட்டையும் துறைமுகக் கரையும். நகரின் வடக்கு ஓரத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் வாழ்ந்த ஆஃப்ரிக்வில் வரி கட்டியது. குடிநீர்க் குழாயோ சாக்கடை வசதியோ அதற்குக் கிடைக்கவில்லை. பக்கத்திலேயே நகரத்துக் குப்பைமேடு வந்தது. 1960களில் சேரிசீரமைப்பு என்று சொல்லி அந்தப் பகுதியையே இடித்தார்கள். நகர நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது 2010இல். கிளாவரையை யாரும் இடிக்கவில்லை. ஒப்புமையை அதற்கு மேல் இழுக்கக் கூடாது. ஆனால் முதலில் படத்திலிருந்து விடுபடுவதும், பிறகு வசதியிலிருந்து விடுபடுவதும் அங்கும் ஒரே வரிசையில்தான் நடந்தன.

ஊரே கிடையாது என்பதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: மேல்மலையையும் பட்டியலில் சேர்த்தால் அதுவும் கெட்டுப்போகாதா? கெடும். பூம்பாறையின் காட்சிமுனையிலும் மன்னவனூர்ப் புல்வெளியிலும் வண்டிகள் வரிசைகட்டுவதைப் பார்த்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் அவை பட்டியலுக்காகக் காத்திருந்து வரவில்லை. 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வந்தது. அதெல்லாம் மொத்த மலைக்கும் சேர்த்துப் போட்ட ஒற்றைக் கணக்கு. பூம்பாறைச் சாலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று தனியாகக் கேட்டால்தான் பதில் கிடைக்கும். அந்தக் கேள்வியைக் கேட்க, பூம்பாறையைச் செல்பி எடுக்கும் இடமாகப் பார்ப்பதை விட்டு, குடியிருக்கும் ஊராகப் படத்தில் குறிக்க வேண்டும்.

கிளாவரைக்கு அப்பால் காட்டுவழியே நடந்தால் கேரளத்தின் கோவிலூர், வட்டவடை. அதைச் சாலையாக்கி மூணாறை இணைத்தால் வளர்ச்சி வரும் என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. இந்தப் பக்கம் 2013இல் அறிவித்த கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம், அந்தப் பக்கம் 2006இல் அறிவித்த குறிஞ்சிமலைச் சரணாலயம். நடுவில் போடும் தார்ச்சாலையில் பூண்டு மூட்டையைவிடச் சுற்றுலா வேன்கள்தான் அதிகம் ஓடும். கிளாவரைக்காரருக்கு உடனடியாகத் தேவை மேற்கே புதிய சாலையா? கிழக்கே இருக்கிற சாலை மழையில் சரியாமல் நிற்பதும், அறுத்த பூண்டை விலை ஏறும்வரை காயவைத்துக் காக்க ஊருக்குள்ளேயே ஒரு கிடங்கும்தான்.