நீச்சலில் சீரான வேகம்: ஒளி எப்படி உதவுகிறது?

நீரின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அதை வெல்லும் திறனோ ஏறக்குறைய மும்மடிக்கு ஏற்ப. வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் சுமார் 33 சதவீதம் கூடுதல் திறன் செலவாகும். தொடக்கத்தில் விரைபவர் கடைசியில் தளர்வது இதனால்தான். சீரான வேகம் காக்க நேரம் தெரிய வேண்டும்; ஆனால் சுவர்க் கடிகாரத்தைக் கரை தொடும்போதுதான் பார்க்க முடியும்.

குளத்தின் தரையில் வரிசையாகப் பதித்த எல்இடி விளக்குகள் அடுத்தடுத்து எரியும்போது ஒளிப்புள்ளி நகர்வதுபோல் தோன்றும்; அதனுடன் இணைந்து நீந்தினால் வேகம் சீராகும். ஹைதராபாத்தில், 2002 தேசிய விளையாட்டுக்காகக் கச்சிபௌலியில் கட்டப்பட்ட குளத்தின் நீளம் 50 மீட்டர். அத்தகைய குளத்தில் 400 மீட்டரை 5 நிமிடம் 20 விநாடியில் முடிக்க, ஒளி விநாடிக்கு 1.25 மீட்டர் நகர வேண்டும்.

புள்ளி முந்தினால் நீந்துபவர் மெதுவாகச் செல்கிறார், பிந்தினால் விரைகிறார். மல்லாந்து நீந்துபவருக்குத் தரை தெரியாததால் இம்முறை பயன்படாது.