உங்களுக்குத் தெரியுமா? பிள்ளை வளர்ப்புக்கும் முனைவர் பட்டம்!

★ தூங்குகிற பிள்ளையை உற்றுப் பார்த்தால், “தாய்க்கண்ணு பொல்லாதது, அந்தப் பக்கம் திரும்பு” என்று பாட்டிமார் அதட்டுவார்கள். அந்த அதட்டலுக்குப் பின்னால் இருப்பதை எழுதி வைத்தவர் ஓர் அமெரிக்கப் பெண்மணி. தமிழர் மந்திரங்களை ஆராய்ந்து 1978இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற மார்கரெட் டிராவிக், பிறகு தமிழ்நாட்டில் ஒரு கூட்டுக் குடும்பத்தோடு வாழ்ந்து எழுதிய நூல் 1990இல் வெளியானது. தாயின் அன்பு அடங்கியே இருக்கவேண்டும், வெளியே கொட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்ற எண்ணம் அந்த வீட்டில் ஊறிக்கிடப்பதை அவர் கண்டார். கொஞ்சலைவிடச் சீண்டலில்தான் அங்கே பாசம் தெரிந்ததாம். நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது!

★ 1954இல் இளம் ஆய்வாளர்கள் ஆறு இடங்களுக்குப் பிரிந்து போனார்கள். கென்யா, மெக்சிகோ, பிலிப்பைன்ஸ், ஒகினாவா, அமெரிக்கா, நம் உத்தரப் பிரதேசத்துக் காலாப்பூர். எங்கும் ஒரே வேலைதான்: பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்வது. தம்பி தங்கையைத் தூக்குவது, ஆடு மாடு பார்ப்பது, தண்ணீர் எடுப்பது என்று வேலை செய்து வளரும் பிள்ளைகள் அடுத்தவருக்கு உதவ முந்துகிறார்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு. அமெரிக்கப் பிள்ளைகளும் காலாப்பூர்ப் பிள்ளைகளும் அதில் பின்தங்கிவிட்டார்கள். இடுப்பில் தம்பியைச் சுமந்தபடி ஆடு ஓட்டும் சிறுமிக்கு நல்ல சான்றிதழ்தான். ஆனால் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியதற்கு அதைச் சாக்காகக் காட்டமுடியாது.

★ ராத்திரி யார் பக்கத்தில் யார் படுப்பது? இதற்கும் ஆய்வு உண்டு. 1995இல் ரிச்சர்ட் ஷ்வெடரும் உடன் ஆய்வாளர்களும் புவனேஸ்வரத்தையும் அமெரிக்காவையும் ஒப்பிட்டார்கள். அமெரிக்காவில் கணவன் மனைவியின் தனிமை முக்கியம். ஒடிசாவிலோ சின்னப் பிள்ளையைத் தனியாகப் படுக்கவிடுவது பாவம். தனி அறையில் தொட்டில் போடுவதை நம்மூர் அப்பத்தாவிடம் சொல்லிப் பாருங்கள்.

★ கேட்டதையெல்லாம் கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போகுமா? சான் டியேகோவில் படித்த பாம்பி சாப்பின், இலங்கையில் ஒரு சிங்களக் கிராமத்தில் இதைத்தான் பார்த்தார் (நூல் 2014). குழந்தை அழுது கேட்டால் தாய்மார் எதையும் மறுப்பதில்லை. ஆனால் முகத்தைச் சுளித்துக்கொண்டு, வாய் பேசாமல் கொடுப்பார்கள். வளரும்போது பிள்ளைகள் தாங்களாகவே கேட்பதை நிறுத்திக்கொள்கிறார்கள். அடியைவிட அந்த மௌனம் வலுவானது போலும். கிராமத்தின் உண்மைப் பெயரை அவர் மறைத்துவிட்டார். இத்தகைய ஆய்வில் அது வழக்கம்.

★ பெர்க்லியில் படித்த சிசிலியா வான் ஹாலன் 1995இல் சென்னைப் பிரசவ வார்டுகளில் கண்டது: வலியைக் குறைக்க அல்ல, கூட்டவே ஊசி கேட்ட ஏழைத் தாய்மார் இருந்தார்கள். வலியில் சக்தி இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு.

★ புதுக்கோட்டைச் சீமையும் ஆய்வாளர்களுக்குப் புதிதல்ல. தொண்டைமான் அரசை ஆராய நிக்கோலஸ் டர்க்ஸ் வந்தார் (நூல் 1987), எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கத்தை ஆராய பிரான்சிஸ் கோடி வந்தார் (நூல் 2013). இனி வருகிறவர், தலைமையிடத்தைக் கீரனூரில் வைத்துக்கொண்டு பெயரை மட்டும் சுமக்கும் குளத்தூர் தாலுகாவில் பிள்ளைகளைப் பார்க்கலாம். அம்மா நூறு நாள் வேலைக்குப் போனால், அப்பா திருப்பூரில் இருந்தால், பிள்ளை யார் மடியில்? அப்பத்தாவா, அம்மாயியா, பால்வாடி டீச்சரா? ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகளோ அதற்கு மேலோ வேலையிடத்துக்கு வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ளக் கூலி கொடுத்து ஒரு பெண்ணை அமர்த்தவேண்டும் என்று நூறு நாள் வேலைச் சட்டத்திலேயே (2005) எழுதியிருந்தார்கள். வேப்பமரத்தடித் தூளியை எத்தனை இடத்தில் அப்படி ஒருத்தி ஆட்டினாள் என்பதே ஒரு பட்டத்துக்குப் போதும்.

★ இந்த ஆய்வுக்கு அமெரிக்காவிலிருந்துதான் ஆள் வரவேண்டும் என்றில்லை. 1957இல் கோவையில் தொடங்கிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம். மனித மேம்பாடு அங்கே ஒரு பாடம். மனையியல் என்றதும் ‘சமையல் படிப்பா?’ என்று கேட்கிறவர்கள்தான் இன்னும் குறையவில்லை.