புண்பட்டவர் திரும்பும் வழி

மராட்டியத்தின் புனே நகரில், செங்கல்லால் எழுந்து நிற்பதால் 'லால் தேவூள்' (சிவப்புக் கோயில்) என்று ஊரார் அழைக்கும் ஓஹெல் டேவிட் தொழுகைக் கூடம், பாக்தாதிலிருந்து பம்பாய்க்குக் குடிபெயர்ந்த யூத வணிகர் டேவிட் சாசூனின் கொடையால் உருவாகி 1867இல் நிறைவுற்றது; ராஸ்தா பேட்டையிலுள்ள சுக்கத் ஷெலோமோ கூடமோ, மராத்தி பேசும் பெனே இஸ்ரவேல் என்னும் யூத சமூகத்தாருடையது. கொங்கணக் கரையில் செக்காட்டி வாழ்ந்த இச்சமூகத்தார், எபிரேய மொழியை மறந்த பின்னும் சனிக்கிழமை ஓய்வைக் கைவிடாததால் 'சனிவார் தேலி' (சனிக்கிழமை வாணியர்) எனப் பெயர் பெற்றனர். பிற்காலத்தில் கொச்சி யூத ஆசிரியர்களின் துணையோடு வேதக் கல்வியையும் வழிபாட்டு முறைகளையும் மீட்டுக்கொண்டனர்.

மறதியிலிருந்து ஒரு சமூகம் மீள்வதைக் காட்டிலும், இளமைக் காயத்திலிருந்து தனிமனிதர் மீள்வது அரிது. இதே சமூகத்தில் 1924இல் பம்பாயில் பிறந்த ஆங்கிலக் கவிஞர் நிசிம் எசக்கியேல், தம் இளமையைப் பற்றிய கவிதையொன்றில், கத்தோலிக்கப் பள்ளியில் பழிச்சொல்லுக்கும் அடிக்கும் ஆளான யூதச் சிறுவனைக் காட்டுகிறார். வெள்ளிக்கிழமை இரவுகளில் வீட்டில் நடந்த வேண்டுதல்களும் அச்சிறுவனுக்குப் பற்றுக்கோடாகவில்லை. இளமையில் பகுத்தறிவையே சார்ந்திருந்த எசக்கியேல், 1983இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'லேட்டர்-டே சாம்ஸ்' தொகுப்பில், விவிலியத்தின் சங்கீதங்களோடு உடன்பட்டும் முரண்பட்டும் உரையாடினார். இதை முழுமையான சமய மீட்சி என்று சொல்வதற்கில்லை. எனினும் ஆபிரகாமும் யோபும் இறைவனிடமே வழக்காடிய மரபில், வினாக்களோடு முன்னோரின் வேண்டுதலை அணுகுவதும் நெறி பிறழ்ந்ததாகாது.

தவற்றை உணர்ந்து இறைவனிடம் திரும்புவதை யூதர் 'தெஷுவா' என்பர். 12ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் மைமோனிடிஸ் அதற்கு வகுத்த விதிகளின்படி, மனிதருக்கு மனிதர் இழைத்த தீங்கை 'யோம் கிப்பூர்' எனப்படும் பாவநிவாரண நாளின் நோன்பும் போக்காது. தீங்கிழைத்தவர் உரிய ஈடு செய்வதோடு, பாதிக்கப்பட்டவரிடம் சென்று மன்னிப்பும் பெற வேண்டும். உண்மையாகக் கேட்கும்போது மன்னிக்க மறுப்பது கொடுமை என்றும் அவர் கூறினார். ஆயினும் கேட்கும் கடமையே முன்னிற்கிறது. பெற்றோராலோ ஆசிரியராலோ புண்பட்டுச் சமயத்தையே வெறுத்து விலகிய பிள்ளைக்கு இவ்விதி பெரும் ஆறுதலாகும்; ஏனெனில் அப்பிள்ளை பட்ட துன்பத்துக்கான பொறுப்பை அது துன்புறுத்தியவர்மீதே சுமத்துகிறது.

ஆகவே, இளமையில் காயமுற்று விலகியவர் எச்சமயத்தவராயினும், திரும்பி வரும் நாளில் இத்தனை காலம் எங்கே போனீர் என்று வினவுவதற்கு முன்னர், அவருக்கு நேர்ந்ததை மறைக்காமல் ஒப்புக்கொள்வதே அச்சமயத்தாரின் முதற்கடமையாகும்.