ஆப்பிள் மரத்தின் கையிருப்பு

ஒரே விலைக்கு எடுத்த இரண்டு ஆப்பிள் பெட்டிகளில் ஒன்று நாள்பட நிற்கிறது. மற்றொன்று சீக்கிரமே தொய்ந்துவிடுகிறது. பறித்த பக்குவம், வழியில் பட்ட வெயில் என்று இதற்குக் காரணங்கள் பல. மரத்திற்குக் கிடைத்த தழைச்சத்தும் அவற்றுள் ஒன்று. பழ வியாபாரம் செய்யும் நாம் அதை அறிந்திருப்பது நல்லது.

நைட்ரஜன் என்பதையே தழைச்சத்து என்கிறோம். காற்றில் 78 சதவீதம் இதுதான். ஆனாலும் ஆப்பிள் மரம் அதைக் காற்றிலிருந்து நேரே எடுத்துக்கொள்ள இயலாது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சருகையும் தொழு உரத்தையும் மக்கச் செய்து, வேர் உறிஞ்சும்படி மாற்றித் தருகின்றன. 46 சதவீதம் தழைச்சத்துள்ள யூரியாவும் மண்ணில் பெரும்பாலும் இப்படி மாறிய பிறகே வேருக்குப் பயன்படுகிறது.

காஷ்மீரிலும் இமாசலப் பிரதேசத்திலும் குளிர்காலத்தில் மரங்கள் இலையின்றி நிற்கும். மார்ச், ஏப்ரலில் மொட்டு விரியும்போது மண் குளிர்ந்தே இருப்பதால் வேர் அதிகம் உறிஞ்சுவதில்லை. அப்படியானால் முதல் தளிருக்கும் பூவுக்கும் சத்து ஏது? முந்தைய ஆண்டின் சேமிப்புதான். இலை உதிருமுன் அதிலுள்ள புரதம் சிதைந்து, தழைச்சத்தில் பெரும்பாலும் பாதியளவு பட்டைக்கும் வேருக்கும் திரும்பிவிடுகிறது. அந்தக் கையிருப்பைக் கொண்டே மரம் வசந்தத்தில் கடை திறக்கிறது. பூக்கும் பருவத்தை ஒட்டி மண் சூடேறிய பின்னரே வேர்வழிப் புதுவரவு பெருகும்.

கையிருப்பு குறைந்தால் தளிர் நலியும்; காய்ப்பிடிப்பும் குறையும். அதற்காகக் கோடையில் யூரியாவை அள்ளிக் கொட்டினாலும் நஷ்டமே. இலை அடர்ந்து நிழல் கட்டுவதால் பழத்தில் சிவப்பு ஏறாது. பழம் பருக்கும், சதை இளகும். சுண்ணாம்புச் சத்து போதாமல் தோலின் கீழ்ப் பழுப்புக் குழிகள் விழும். பறிக்கும்போது தெரியாத இக்குழிகள் பல நேரம் குளிர்பதனக் கிடங்கில்தான் வெளிப்படும். அப்போது நஷ்டம் சரக்கை வாங்கியவருக்கு!

இதனால்தான் விவரமறிந்த தோட்டக்காரர்கள், அறுவடை முடிந்து இலை பச்சையாக இருக்கும்போதே யூரியாக் கரைசலைத் தெளிக்கிறார்கள். அந்த ஆண்டுப் பழத்தைக் கெடுக்காமல் மறு ஆண்டுக்குக் கையிருப்பு சேர்கிறது.

கொள்முதலின்போது நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அளவுக்கு மீறிப் பருத்த பழத்தையும், அழுத்தினால் இளகும் பழத்தையும் உடனே விற்றுத் தீர்ப்போம். நடுத்தர அளவில் கெட்டியாக உள்ளவற்றையே இருப்பு வைப்போம்.